ஆறு நிமிஷம், ஊர்ப்பட்ட இங்கிலீஷ்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அந்தப் பைத்தியத்தின் பெயர் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் வெளியிடும் ஆறு நிமிட ஒலி நிகழ்ச்சி. காசு கிடையாது, பரீட்சை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. ஒரு போன், ஒரு இயர்போன், சும்மா கிடக்கும் ஒரு காது, அவ்வளவுதான் முதலீடு.

திருநெல்வேலி பேட்டையில் டவுன் பஸ் ஏறினால் ஆர்ச் வருவதற்குள் இரண்டு பாகம் முடிந்துவிடும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நெருங்கும்போது மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். சுலோசனா முதலியார் பாலத்தில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டால் பஸ்ஸே சலித்துக்கொள்ளும், எனக்கு மட்டும் கொண்டாட்டம். 1843-இல் திறந்த அந்தப் பாலத்தை லண்டன் தேம்ஸ் ஆற்றின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டினார்களாம். கீழே தாமிரபரணி, காதுக்குள்ளே லண்டன் பேச்சு. அலுவலகம் போகிற நேரத்தில் இதைவிட என்ன வேண்டும்?

நிகழ்ச்சியின் கட்டுமானத்தைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வித்தை அதில்தான் இருக்கிறது. இரண்டு பேர் பேசுவார்கள். நீல், ராப், சாம், பெத் என்று குரல்கள் மாறும். தூக்கம், சாப்பாடு, பணம், செல்போன் என்று வீட்டில் பேசுகிற விஷயம்தான் தலைப்பு. ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி போட்டு மூன்று விடை தருவார்கள். எது சரி என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள்! நடுவில் பிபிசியின் வேறு நிகழ்ச்சியிலிருந்து யாரோ ஒரு நிபுணர் பேசிய துண்டு வரும். அவர் நமக்காக வேகத்தைக் குறைக்க மாட்டார், அவர் பாட்டுக்குப் பொரிந்து தள்ளுவார். முதல் தடவை ஒன்றும் புரியாது. உடனே இவர்கள் இரண்டு பேரும் அந்தத் துண்டைப் பிரித்துப்போட்டு, அவர் சொன்ன இந்தத் தொடருக்கு இதுதான் பொருள் என்று பேச்சுவாக்கில் விளக்குவார்கள். கடைசியில் கேள்விக்கு விடை, பிறகு அன்றைக்கு வந்த சொற்களை ஒரு தடவை திருப்பிச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆறு நிமிஷத்தில் ஒரு விநாடிகூட வீணில்லை.

பிபிசிக்கு இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1943 முதல் அவர்கள் வானொலி வழியாக உலகத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு பிபிசி என்றாலே தமிழோசைதான். 1941-இல் தொடங்கிய அந்தச் சிற்றலைத் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. அப்பா காலத்தில் அந்தக் கம்பெனி தமிழில் செய்தி சொன்னது, எனக்கு இங்கிலீஷில் கதை சொல்கிறது.

இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவள் என் தங்கச்சி. இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு வழியில் போனால் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வாங்கவேண்டும், எழுதுவதில் 6.5. ராப்பகலாகப் படித்து எல்லாம் வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். வார்டில் போய் நின்றால் ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி’ என்றிருக்கிறார். பாட்டிக்கு ஏதோ காசு செலவு இருக்கிறது போல என்று இவள் பர்ஸைத் தேடித் தந்திருக்கிறாள். பாட்டி பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்! அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் திறக்கும். 1971-இல் அந்தப் பழைய பென்னியே ஒழிந்துபோனது, பேச்சு மட்டும் ஒழியவில்லை.

அதற்கப்புறம் தினமும் போனில் எனக்கு ஒரு புதையல் வரும். ‘பூர்லி’ என்றால் உடம்பு சரியில்லை. ‘ஜாப்’ என்றால் ஊசி. ‘ஆஃப் மை ஃபுட்’ என்றால் சாப்பாடு இறங்கவில்லை. ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்று தாத்தாக்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னால் குடிநீர் வாரியத்தைப் பற்றிப் பேசவில்லை, சிறுநீர்ப் பாதையில் தொந்தரவு. நாம் மாவுக்கட்டை நினைத்துக்கொள்கிற ‘பிளாஸ்டர்’ அங்கே பெரும்பாலும் விரலில் ஒட்டுகிற சின்னப் பட்டை. ‘சர்ஜரிக்குப் போயிட்டு வாரேன்’ என்று யாராவது சொன்னால் பதறவேண்டாம், தெரு முனையில் இருக்கிற குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கே அங்கே அதுதான் பெயர். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? இலக்கணம் பாஸ்போர்ட் மாதிரி, அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் உள்ளே போய்ப் பேச்சுத்துணை தேட வேறு ஒன்று வேண்டும். அதைத் தேடும்போதுதான் தங்கச்சி இந்த நிகழ்ச்சியைப் பிடித்தாள். அவளுக்குத் துணையாக நானும் இங்கிருந்து கேட்க ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு நேரமில்லை, நான் விடுவதாயில்லை!

இனி காதுக்கு வருவோம். இங்கிலீஷ்காரர்கள் பேசினால் நமக்கு ஏன் புரிவதில்லை? சொல் தெரியாததால் மட்டும் இல்லை. தெரிந்த சொல்லே தெரியாத வேஷத்தில் வருகிறது. ‘கப் ஆஃப் டீ’ என்று மூன்று சொல்லாக நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, ‘கப்பட்டீ’ என்று ஒரே உருண்டையாக வந்து விழும். ‘வெஜிடபிள்’ என்று நாம் ஒவ்வோர் எழுத்துக்கும் மரியாதை கொடுப்போம், அவர்கள் ‘வெஜ்டபுள்’ என்று போய்விடுவார்கள். லெய்செஸ்டர் என்று எழுத்துக்கூட்டினால் ஊர் வராது, ‘லெஸ்டர்’ என்றால்தான் பஸ் நிற்கும். நாம் தேம்ஸ் என்று எழுதும் ஆறுகூட அங்கே ‘டெம்ஸ்’.

காரணம் தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்கிற அசைதான் ராஜா. மற்ற அசைகளை நடுவில் கிடைத்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரவைத்துவிடுகிறார்கள். அப்படி நெரிபட்ட உயிரொலிக்கு ‘ஷ்வா’ என்று பெயர். ‘அபவுட்’ என்பதன் முதல் ஒலி, ‘டீச்சர்’ என்பதன் கடைசி ஒலி எல்லாம் அதுதான். ஆங்கிலத்தில் அதிகமாகப் புழங்குகிற உயிரொலியே இதுதானாம். அட, இது நமக்குப் புதுசா? ‘நாடு’, ‘காசு’ என்று சொல்லும்போது கடைசி உகரத்தைப் பாதி மாத்திரையாகக் குறுக்குகிறோமே, அதற்குத் தொல்காப்பியத்திலேயே குற்றியலுகரம் என்று பெயர் இருக்கிறதே! அதை விடுங்கள், எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருநெல்வேலி’ என்று முழுசாகச் சொல்வது ரயில்வே அறிவிப்பு மட்டும்தான். எங்கள் வாயில் அது ‘தின்னவேலி’. பாளையங்கோட்டை வெறும் ‘பாளை’. எழுத்துகளை விழுங்குவதில் லெஸ்டர்காரர்களுக்கு நாங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. இது பிடிபட்ட நாளிலிருந்து அந்த வேகப் பேச்சின் மேல் இருந்த பயம் போயே போச்சு. எந்த அசை முழங்குகிறது, எது முனகுகிறது என்று கவனித்தால் போதும், மற்றது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒலி பிடிபட்டதும் அடுத்த சுகம் ஆரம்பிக்கிறது. சொல்லுக்குப் பின்னால் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவரும். ‘ஆல்ரைட்?’ என்று எதிரில் வருகிறவர் கேட்டால் நம் உடம்பைப் பற்றிய விசாரணை இல்லை. அங்கே முட்டுவலியையும் சர்க்கரையையும் எடுத்துவிடக் கூடாது. ‘ஆல்ரைட், யூ?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். நம் தெருவில் ‘சாப்ட்டாச்சா?’ என்று கேட்கிறவர் நமக்குச் சோறு போடப்போகிறாரா என்ன?

வடக்கு இங்கிலாந்தில் ‘டீக்கு வா’ என்று கூப்பிட்டால் பிஸ்கட்டை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அங்கே பல வீடுகளில் சாயங்காலச் சாப்பாட்டுக்கே அதுதான் பெயர், மத்தியானச் சாப்பாடு ‘டின்னர்’. தங்கச்சி இங்கே மாதிரியே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒரு வீட்டுக்கு ‘டீ’க்குப் போயிருக்கிறாள். முழு விருந்து! மறுக்கவும் முடியாது, முழுங்கவும் முடியாது.

‘பேங்க் ஹாலிடே’ என்றால் நமக்குப் பாங்க் மட்டும் பூட்டியிருக்கும். அங்கே 1871-இல் சட்டம் போட்டு ஆரம்பித்த அந்த விடுமுறை இப்போது ஊருக்கே பொது விடுமுறை. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் மெல்போர்னில் நடக்கும் ‘பாக்ஸிங் டே’ டெஸ்ட் தெரியும். யாரும் யாரையும் குத்துவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேலைக்காரர்களுக்கும் தபால்காரர்களுக்கும் பெட்டியில் அன்பளிப்பு கொடுக்கிற பழக்கத்திலிருந்து வந்த பெயர். நம் தீபாவளி இனாம்தான்!

வரிசை இன்னொரு அதிசயம். அங்கே பஸ் நிறுத்தத்தில் ஒற்றை ஆள் நின்றாலும் வரிசையில்தான் நிற்பார் என்று அவர்களே கிண்டல் செய்துகொள்கிறார்கள். ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிக்கிற நம் கலையை அங்கே போய்க் காட்டிவிடாதீர்கள். யாராவது நம் காலை மிதித்தால் மிதிபட்டவரும் ‘சாரி’ சொல்லவேண்டும், அது தனிச் சங்கதி. மழை, வெயில் பேச்சும் அப்படித்தான். கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர் 2004-இல் ‘வாட்சிங் தி இங்கிலீஷ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலீஷ்காரர்கள் வானிலையைப் பற்றிப் பேசுவது வானிலையைப் பற்றியே இல்லை, கூச்சத்தை உடைத்துப் பேச்சை ஆரம்பிக்க அது ஒரு சாக்கு என்கிறார். அதில் ஒரு விதியும் உண்டு: எதிராளி ‘குளிருது இல்ல?’ என்றால் ஒப்புக்கொள்ளவேண்டும். ‘இல்லையே, நல்லாத்தானே இருக்கு’ என்று வாதாடினால் நட்பு அங்கேயே முடிந்தது.

இப்போது என் சகாவை அறிமுகப்படுத்துகிறேன். பக்கத்து வீட்டு மைனி. பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு இருப்பது போல, பீடி சுற்றுகிறவர். ஊறவைத்த இலையைத் தகட்டு அச்சு வைத்துக் கத்தரியால் வெட்டி, சொளவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விரல்கள் தனியாக வேலை பார்க்கும். இலையை எடுத்து, தூளைப் பரப்பி, ஓர் உருட்டு, ஒரு மடிப்பு, நூலால் ஒரு சுற்று. கண்ணே தேவையில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து இயர்போனில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, தனியா என்ன சிரிப்பு? எனக்கும் போடு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான கெடக்கு” என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் குரல்களின் ஏற்ற இறக்கத்துக்காகக் கேட்டார். பிறகு நான் நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்லவேண்டும் என்று ஆணை வந்தது. இப்போதெல்லாம் கேள்வி வந்த உடனே நூலைப் பல்லில் கடித்தபடி, “பி-தாம்ட்டி! நான் சொல்லுதேன் பாரு, பி-தான்!” என்று கூவுவார். விடை ‘பி’யாக இருந்துவிட்டால் தெருவே அதிரும்.

‘நாட் பேட்’ என்று இங்கிலீஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் பாராட்டு, ‘கொய்ட் குட்’ என்று இழுத்தால் சுமார்தான் என்று ஒரு பாகத்துக்கு நடுவே சொல்லிவைத்தேன். அடுத்த தடவை என் வீட்டுச் சொதியை ஒரு வாய் வைத்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, “ம்… நாட் பேட்” என்றார் மைனி. இருபது வருஷமாகச் சமைக்கிறேன், இதைவிடப் பெரிய விருது எனக்குக் கிடைத்ததில்லை.

மைனியின் யோசனைக்கு உலகப் பெருமை வாய்ந்த முன்னோடி ஒன்று இருக்கிறது தெரியுமா? கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-இலேயே இதைச் செய்தார்கள். எல் ஃபிகாரோ என்ற ஆலையில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சுருட்டு சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் சத்தமாக வாசிப்பார். வாசிப்பவருக்குச் சம்பளம் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுப்பார்கள். உலகப் புகழ்பெற்ற ‘மான்டே கிறிஸ்டோ’ சுருட்டுக்கு அந்தப் பெயரே, கியூபாவில் தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். கியூபாவில் இன்றும் இந்த வாசிப்பு நடக்கிறது. இதை மைனியிடம் சொன்னேன். “அப்ப எனக்கு நீதான் வாசிக்கிறவ. சம்பளம் கேட்டிராத” என்று முடித்துவிட்டார்.

இத்தனை கேட்டபிறகு நம் ஊர் இங்கிலீஷின் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது, குறையவில்லை. ‘நான் காலேஜிலிருந்து பாஸ்ட் அவுட் ஆனேன்’ என்று அங்கே சொன்னால் மயங்கி விழுந்ததாக அர்த்தம். தங்கச்சி சொன்னதும் உடன் வேலை பார்ப்பவர், ‘ஐயோ பாவம், அப்புறம் எப்போது தெளிந்தது?’ என்று கேட்டாராம்! ஆனால் கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் புழங்குகிற ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. நம் ‘ஐயோ’ 2016-இல் உள்ளே போனது, ‘அண்ணா’ 2017-இல் போனார். எந்த இடத்தில் எந்த இங்கிலீஷ் என்று தெரிந்து பேசுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஜங்ஷனில் ‘ஹோட்டல்’ என்றால் இட்லி, லண்டனில் படுக்கை.

சரி, நீங்களும் ஆரம்பிக்கவேண்டாமா? நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். முதல் தடவை எதையும் பார்க்காமல் கேளுங்கள். பாதி புரிந்தால் மகிழ்ச்சி, கால்வாசி புரிந்தாலும் மகிழ்ச்சி. இரண்டாவது தடவை எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர்கள் தளத்திலேயே முழு உரையாடலும் இலவசமாகக் கிடைக்கும். தெரிந்த சொல்லையே எங்கெங்கே தவறவிட்டோம் என்று பார்க்கும்போது சிரிப்பு வரும். மூன்றாவது தடவை அவர்கள் பேசப் பேச, அரை விநாடி பின்னால் அதே ஏற்ற இறக்கத்தில் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இது பஸ்ஸில் வேண்டாம், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, அன்றைக்குக் கேட்டதில் ஒரே ஒரு தொடரை அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடவேண்டும். எல்லாச் சொற்களையும் மனப்பாடம் செய்தால் மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றைப் பேசிவிட்டால் அது ஆயுசுக்கும் நிற்கும்.

ஆறு நிமிஷமும் அதிகம் என்கிறவர்களுக்கு அதே வீட்டில் ‘தி இங்கிலீஷ் வி ஸ்பீக்’ என்று ஒன்று இருக்கிறது. மூன்று நிமிஷத்துக்கு ஒரே ஒரு தொடர். ஃபெய்ஃபெய் என்ற சீனப் பெண்மணியும் ஓர் இங்கிலீஷ்காரரும் சேர்ந்து அடிக்கிற கூத்து. வேகம் பிடிபடவில்லை என்றால் அமெரிக்கர்கள் 1959-இல் ஆரம்பித்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான இங்கிலீஷின் பழைய பதிவுகளில் தொடங்கலாம். சுமார் 1500 சொற்களுக்குள்ளேயே உலகச் செய்தியை நிறுத்தி நிதானமாகச் சொன்ன மகா பொறுமைசாலிகள். கிரிக்கெட் பிரியர்களுக்கு பிபிசியின் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’. 1957 முதல் நடக்கும் வர்ணனை. ஆட்டம் மழையில் நின்றுபோனால்தான் அதில் பேச்சே களைகட்டும். கேக், புறா, பக்கத்துப் பஸ் என்று அவர்கள் அரட்டையடிப்பதைக் கேட்டால் போதும், அந்த ஊர்த் திண்ணைப் பேச்சு முழுக்கக் கைவந்துவிடும்.

நான் அடுத்து ‘தி ஆர்ச்சர்ஸ்’ பக்கம் போகப்போகிறேன். ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிற வானொலித் தொடர். போர் முடிந்து உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், விளைச்சலைப் பெருக்குவது எப்படி என்று விவசாயிகளுக்குக் கதையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க, வேளாண் அமைச்சகத்தின் ஒத்துழைப்போடு ஆரம்பித்தது. மாடு, வயல், பங்காளிச் சண்டை, கல்யாணம், ஊர்வம்பு எல்லாம் உண்டு. 1951-இலிருந்து ஓடுகிறது, இன்னும் முடியவில்லை. மைனியிடம் சொன்னபோது சுற்றிக்கொண்டிருந்த பீடியை அப்படியே சொளவில் வைத்துவிட்டார்.

“எழுவது வருசத்துக்கு மேலயா? ஒரே சீரியலா? ஏட்டி, மாமியா இன்னும் உசுரோட இருக்காளா? நாளைக்கே போடு!”